சனிக்கிழமை வகுப்பில் இருந்தவர்கள்

சாய்ந்தமருது
03.08.2009

அன்புத் தங்கச்சி றாஹிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம். தோஹாவில் நீயும் உன் மாப்பிள்ளையும் நுஸ்ஹாவும் சுகமாயிருக்க ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன்.

நுஸ்ஹாவின் முதல் தமிழ் வகுப்புக்கு இங்கே யார் யார் இருந்தார்கள் என்று கேட்டிருந்தாய். இருந்தவர்கள்: நீ கொடுத்துவிட்ட லெப்டொப்பைக் கொண்டுவந்த மசூர், இணைப்பைச் சரிபார்த்துத் தந்துவிட்டுப் போனார். உன் மச்சான் கச்சிமுகம்மது, சாய்வுக் கதிரையில். பக்கத்து வீட்டுச் சுபைறா. சீனி கேட்டு வந்தவள், சீனி கிடைத்த பிறகும் போகவில்லை. காரைதீவிலிருந்து சைக்கிளில் வந்த டீச்சர் தர்மிகா. திரையில் நுஸ்ஹா. குசினிக் கதவுக்குப் பின்னால், அடுப்படியில், நான்.

டீச்சருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. கணினியில் தூண்டில் விளையாட்டு ஒன்று செய்து வைத்திருக்கிறாள். மீன்களின் வயிற்றில் எழுத்துகள். அவள் ஒரு சொல்லைச் சொன்னால் நுஸ்ஹா அந்த எழுத்துகளைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் மணி அடிக்கும். நான் மீனைக் காணவில்லை, மணியைத்தான் கேட்டேன். மீனைப் பற்றி உன் மச்சான் சொன்னார்.

நுஸ்ஹா நன்றாகச் சிரித்தாள். கடல் வந்து உன் வீட்டைக் கொண்டுபோன பிறகு நீங்கள் இருவரும் தோஹாவில் உழைக்க, நாலு வருடம் என் பக்கத்தில் படுத்த பிள்ளை. கடையில் சாமான் சுற்றித் தருகிற பேப்பரை விரித்துவைத்து நான்தான் அவளுக்கு எழுத்துக் காட்டினேன். பள்ளிக்கூடம் பாதியில் நின்ற எனக்கும் அந்தப் பேப்பரில்தான் எழுத்து வந்தது. மணியெல்லாம் அடிக்கவில்லை.

அவள் என்னைத் தேடினாளா என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. நான் எழுதும் கடிதங்களை அவள் வாசிக்கிறாள்தானே? அதை மட்டும் எழுது.

வஸ்ஸலாம்.
உன் ராத்தா சபூறா

*

தோஹா
19.08.2009

அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். வெயில்தான் தாங்க முடியவில்லை. நோன்பு வரப்போகிறது, நாங்கள் செய்த பிழைகளையெல்லாம் மன்னித்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொல்வதென்றால், உங்கள் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீசும் அரபும். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீசில் பதில் சொல்கிறாள். உங்கள் எழுத்து ஒன்றோடொன்று கொழுவிக்கொண்டு போகிறதாம், பிரிக்கத் தெரியவில்லையாம். தர்மிகா டீச்சரிடம் மூன்று வகுப்புத்தான் ஆகிறது, தானாக உட்கார்ந்து எழுதுகிறாள். இந்த உறையிலேயே பாருங்கள்.

நீங்கள் கெமராவுக்கு முன்னால் வரவே மாட்டேனென்கிறீர்களாமே? யார் பார்க்கப் போகிறார்கள், உங்கள் பிள்ளைதானே.

இன்னொன்று. மச்சானுக்குச் சீனி வருத்தமாம், இரத்தத்தில் சீனி கூடிவிட்டதாம். எனக்கு ஏன் எழுதவில்லை? யார் சொன்னதென்று நுஸ்ஹாவிடம் கேட்டேன். "டீச்சர்ட வகுப்புல கேட்டன்" என்றாள். நீங்கள் சொல்லி எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அல்லவா?

வஸ்ஸலாம்.
றாஹிலா

*

(அதே உறைக்குள்)

பெரியும்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீங்க சுகமா? சிவத்த ஆடு மறுகாவும் வேலியால வந்துட்டா? பெரியவாப்பா தேத்தண்ணிக்குச் சீனி போடுறத உட்டுட்டாரா? நான் நிறைய மீன் பிடிச்சன். எங்கட டீச்சருக்கு சலாம் சொல்லுங்க. டீச்சர் நல்லம்.

நுஸ்ஹா

*

சாய்ந்தமருது
07.09.2009

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்புகள் நன்றாகப் போகின்றன. உங்களுடைய நோன்பையும் அல்லாஹ் கபூலாக்கட்டும்.

நுஸ்ஹாவின் கடிதம் கிடைத்தது. எழுத்து அழகு. டீச்சருக்குச் சலாம் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் என் வேலை இப்போது அதுதான்.

உன் மச்சானுக்குச் சீனி என்று நான் எழுதாதது, பிள்ளையோடு தூரத்தில் இருக்கிற உன்னைக் கவலைப்படுத்தக் கூடாதென்றுதான். ஊரில் சுபைறாவுக்குக்கூடத் தெரியாது. அப்படியானால் அது தோஹாவுக்கு எப்படி வந்தது? ஆடு வேலி தாண்டினது எப்படி வந்தது? இந்த வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் நடுவில் இருப்பவள் ஒருத்திதான். நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயே யோசித்துப் பார்.

இரண்டாம் வகுப்பிலிருந்து டீச்சர் காதில் ஒன்றை மாட்டிக்கொள்கிறாள். வெளியே கேட்டால் சத்தம் இரட்டிக்கிறதாம். ஆகவே பிள்ளையின் சத்தமும் எனக்கு இல்லை. இவள் சத்தம் மட்டும் வருகிறது. "ஓம்... ஓம்... மறுகா ஒருக்காச் சொல்லுங்க பாப்பம்" என்கிறாள். பிறகு குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். என்னைப் பார்த்து என்ன சிரிப்பு? போன கிழமை, "நுஸ்ஹா கூப்பிடுற மாதிரி நானும் பெரியும்மா எண்டு கூப்பிடட்டா?" என்று கேட்டாள். "கூப்பிட வாய்க்குக் காசா?" என்றேன்.

சுபைறா வேறு கேட்கிறாள், "ஏன்கா, நம்மட புள்ளைக்குப் படிச்சிக் குடுக்க நம்மட ஆக்கள் ஒருத்தரும் இல்லையா?" என்று. கேட்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நோன்பு வீடென்று டீச்சர் எங்களுக்கு முன்னால் ஒரு வாய் தண்ணீரும் குடிப்பதில்லை. குடியென்று சொல்லியும் குடிக்கவில்லை. உள்ளதையும் சொல்ல வேண்டும்.

வஸ்ஸலாம்.
ராத்தா

*

தோஹா
04.10.2009

அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடியாகப் போயிற்றா? மச்சான் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா?

உங்கள் கடிதத்தை நுஸ்ஹாவின் வாப்பாவும் வாசித்துவிட்டார். "வீட்டுக் கதைய வெளிய கொண்டு திரியிற ஆள் நமக்கு வேணாம்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். வகுப்பை நிறுத்தியாயிற்று. நுஸ்ஹாவுக்குப் பரீட்சை என்று டீச்சருக்குச் செய்தி அனுப்பினேன். அவள் சரியென்று பதில் போட்டாள். நுஸ்ஹாதான் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

இனி நீங்களே அவளோடு கதையுங்கள் ராத்தா. நீங்கள் கதைத்தால் போதும், அவளுக்குத் தமிழ் வந்துவிடும். லெப்டொப்பைத் திறக்கத் தெரியும்தானே? கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் பார்த்திருப்பீர்கள், எனக்கு உங்களைத் தெரியும்.

இம்மாதம் 24ஆம் திகதி சனிக்கிழமை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து இருங்கள். அவளும் அஸர் தொழுதுவிட்டு வந்து இருப்பாள்.

வஸ்ஸலாம்.
றாஹிலா

*

சாய்ந்தமருது
25.10.2009

றாஹிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம்.

நேற்று அஸர் தொழுத கையோடு, பெருநாளுக்கு நீ அனுப்பிய அபாயாவை உடுத்துக்கொண்டு லெப்டொப்பைத் திறந்தேன். எங்கே அமுக்க வேண்டுமென்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நான் பிழை விடவுமில்லை. நுஸ்ஹாவுக்குப் பிடித்த பணியாரம் சுட்டுத் தட்டோடு முன்னால் வைத்தேன். தின்ன முடியாவிட்டாலும் பார்க்கட்டும் என்று.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தேன். திரையில் என் முகம்தான் தெரிந்தது.

உன் மச்சான், "இன்னும் கொஞ்சம் இருந்து பாரன் புள்ள" என்றார். "நான் என்ன, பஸ்ஸுக்கா நிக்கிறன்? மூடுங்க அதை" என்றேன். பணியாரத்தைச் சுபைறாவின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

டீச்சர் வந்தால் சிரிப்பு, பெரியும்மா வந்தால் ஆளில்லை. கோபமில்லை. டீச்சரில்தான் பிள்ளைக்கு விருப்பமென்றால் அதை நேரே எழுதியிருக்கலாம், வயது போனவளை உடுத்தவைத்து உட்காரவைத்திருக்கத் தேவையில்லை. லெப்டொப்பைத் துணியால் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுக்க வேண்டுமென்று சொல்.

வஸ்ஸலாம்.
சபூறா

*

தோஹா
26.10.2009

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரித்து எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. மன்னிக்கவும்.

பள்ளியில் அஸர் பாங்கு சொன்னதும் தொழுதாள். தலை பின்னிவிடச் சொன்னாள். உங்களுக்குக் காட்டவென்று ஆட்டுப்படம் வரைந்து அதற்குக் கீழே எழுதியும் வைத்திருந்தாள். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை கதிரையை விட்டு இறங்கவில்லை. தொலைபேசி எடுத்துப் பார்ப்போமென்றேன். "வேணாம், பெரியும்மா தானா வரட்டும்" என்றாள்.

டீச்சர் சரியில்லையென்று எழுதினீர்கள். நாங்கள் நிறுத்தினோம். அவளுடைய இடத்துக்கு உங்களை அழைத்தோம். அதற்கும் நீங்கள் கதவுக்குப் பின்னால்தான் நிற்பீர்களா? "பெரியும்மாக்கு என்னப் புடிக்கல்லையா?" என்று கேட்கிறாள்.

றாஹிலா

*

சாய்ந்தமருது
09.11.2009

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் கடிதமும் உன் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

உன்னுடையதைத் தொழுகைப் பாயில் இருந்தபடி வாசித்தேன். மூன்று தரம் வாசித்தும் கோபம்தான் வந்தது. "அஸர் பாங்கு சொன்னதும்" என்ற இடத்தில் நாலாம் தரம் நின்றுவிட்டேன். எந்தப் பாங்கு? உங்களுடைய பாங்கு. உங்கள் பள்ளியில் அஸர் பாங்கு சொல்லும்போது இங்கே எங்களுக்கு மஃரிப் நெருங்கிவிடும். நாங்கள் இரவில் தராவீஹ் தொழுதுகொண்டிருக்கும் நேரத்தில்தான் நீங்கள் நோன்பு திறக்கிறீர்கள் என்று வருடாவருடம் எல்லோருக்கும் சொல்லித் திரிகிறவள் நான். அஸரென்றால் அஸர்தானே என்று நீயும் இருந்துவிட்டாய், நானும் இருந்துவிட்டேன்.

உன் மச்சான் சொன்னபடி இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

நுஸ்ஹாவிடம் சொல். பெரியும்மா வந்தாள், பணியாரத்தோடு வந்தாள் என்று சொல். லெப்டொப்பின் கட்டை அவிழ்த்துவிட்டேன். ஒரு நேரம் குறித்து எழுது.

வஸ்ஸலாம்.
ராத்தா

*

தோஹா
26.11.2009

அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாளை இங்கே ஹஜ்ஜுப் பெருநாள். ஈத் முபாரக்.

உங்கள் கடிதத்தை நானும் அவள் வாப்பாவும் வாசித்தோம். பிழை என்னிலும்தான். நுஸ்ஹாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஓகே" என்றாள், அவ்வளவுதான்.

அவள் இப்போது தமிழே கதைப்பதில்லை ராத்தா. வேறொரு இணைய வகுப்பில் சேர்த்தோம். பதினைந்து பிள்ளைகள் ஒரே திரையில், ஒலிப்பதிவைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வாயைத் திறக்கிறாளில்லை. "அது பெரியும்மாட கதை இல்ல" என்று ஒருநாள் சொன்னாள். பிறகு அதையும் சொல்வதில்லை. உங்களோடு கதைக்கச் சொன்னால் அறைக்குள் போய்விடுகிறாள்.

தர்மிகாவுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. வகுப்பு நின்றபோது நுஸ்ஹா அவளிடம் என்னவோ எழுதிக் கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. உங்களால் அவளைப் பார்க்க முடியுமா?

வஸ்ஸலாம்.
றாஹிலா

*

சாய்ந்தமருது
03.12.2009

மகள் தர்மிகாவுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன். காரைதீவு பக்கம்தான், நடந்தே வரலாம். நேரில் வந்தால் எனக்கு வாய்தான் முந்தும், அதனால் எழுதி மசூரின் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் மறந்துவிட்டுப் போன எழுத்து அட்டைகள் இங்கே பத்திரமாக இருக்கின்றன. நுஸ்ஹா தமிழை விட்டுவிட்டாள். நீங்கள் மறுபடி வந்து படிப்பித்தால் நல்லது. பழைய விஷயங்களை விட்டுவிடுவோம்.

இப்படிக்கு,
சபூறா

*

காரைதீவு
06.12.2009

அன்புள்ள பெரியும்மாவுக்கு,

வணக்கம். நலம். உங்கள் நலமும் ஐயாவின் நலமும் அறிய ஆவல்.

பழைய விஷயங்களை விட்டுவிடலாம். ஆனால் எது பழைய விஷயம் என்று ஒருமுறையாவது சொல்லிவிட்டு விட்டால் நல்லது. "டீச்சர், நீங்க பெரியும்மா ஊட்டுக் கதைய இங்க கொண்டு வாறீங்களாம், மெய்யா?" என்று நுஸ்ஹா எழுதிக் கேட்டாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

நான் ஒரு கதையும் கொண்டுபோகவில்லை, பெரியும்மா. நான் காதில் மாட்டியது கேட்பதற்கு மட்டும்தான். பேச்சை வாங்கும் மைக் லெப்டொப்பிலேயே இருக்கிறது. குசினியில் நீங்கள் ஆட்டை ஏசுவது, ஐயாவை ஏசுவது, சீனிப் போத்தலை ஒளித்துவைத்த இடம், எல்லாம் அதன் வழியாக நேரே அங்கே போனது. உங்கள் குரல் சின்னக் குரலும் இல்லை. மைக்கை அடைக்கத்தான் முதலில் பார்த்தேன். நுஸ்ஹா விடவில்லை. "டீச்சர், சும்மா இருங்க, பெரியும்மா கதைக்கிறா" என்பாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்வாள். பிறகு அந்தச் சொற்களுக்கு மீன் பிடிப்பாள். என் பாடம் அவ்வளவுதான். நான் சிரித்ததும் அதற்குத்தான்.

அதை ஒவ்வொரு சனியும் ஒலிப்பதிவு செய்தும் வைத்தேன். உங்களிடம் கேட்காமல் செய்தது என் பிழை. எங்கள் அம்மாவைக் கடல் கொண்டுபோனது. அம்மாவின் படம் இரண்டு இருக்கிறது, குரல் எங்குமே இல்லை. அந்தப் பிள்ளைக்காவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வருகிறேன். ஒரு நிபந்தனை: நீங்கள் கதவுக்குப் பின்னால் நிற்கக் கூடாது. என் பக்கத்துக் கதிரையில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
தர்மிகா

*

சாய்ந்தமருது
13.12.2009

அன்புத் தங்கச்சி றாஹிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம், அல்ஹம்துலில்லாஹ். உன் மச்சானின் சீனியும் இறங்கியிருக்கிறது. இனி இதையெல்லாம் நானே எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை நுஸ்ஹாவின் வாப்பாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு. தர்மிகா வீட்டுக் கதையைக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனது என் வாய். அந்த லெப்டொப் நான் குசினியில் கதைத்ததையெல்லாம் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு பாவமும் அறியாத அந்தப் பிள்ளையின் மேல் பழியை நான்தான் எழுதினேன். சுபைறா சொன்னதாக எழுதியதையும் நான் விரும்பித்தான் எழுதினேன்.

நேற்றுச் சனிக்கிழமை அவள் வந்தாள். "வெயிலுக்குள்ள வந்திரிக்கீங்க, முதல்ல தண்ணியக் குடிங்க" என்றேன். குடித்தாள். பிறகு பதிவைப் போட்டுக் காட்டினாள். முதலில் என் குரல். அப்பாடா, இப்படியா நான் ஏசுகிறேன்! "சிவத்தாடே, நில்லு, உன்ட காலை முறிக்கிறன்" என்று நான் கத்த, உன் மச்சான் கதிரையிலிருந்து எழும்பிப் போய்விட்டார். எனக்கு வெட்கத்தில் நிறுத்தச் சொல்ல வாய் வந்தது. அப்போதுதான் கேட்டது. என் குரல் ஓய்கிற இடத்தில் சின்னதாக, மெதுவாக, நுஸ்ஹா. "சிவத்தாடே... நில்லு... உன்ட காலை..." என்று. ஒவ்வொரு சொல்லாக. நான் இருமினால் இருமலையும்.

மறுபடி போடச் சொன்னேன். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை போட்டுக்கொண்டே இருந்தோம்.

நேற்று இருந்தவர்கள்: தர்மிகா, நான். ஒரே வரிசையில் இரண்டு கதிரை. குசினிக் கதவு திறந்திருந்தது.

ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். திரையில் வந்ததும் நுஸ்ஹா முதலில் டீச்சரைத்தான் கூப்பிடுவாள். அப்போது என் முகம் சுருங்கும். "அதையும் கெமரா காட்டும் பெரியும்மா" என்று தர்மிகா சிரிக்கிறாள். காட்டட்டும். நுஸ்ஹாவும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும், யாருக்கு யார் வேண்டுமென்று.

அவள் கதைக்காவிட்டால் பரவாயில்லை. வந்து உட்கார்ந்தால் போதும். நான் ஆட்டை ஏசிக்கொண்டிருப்பேன், அவள் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

இருபத்தாறாம் திகதியும் சனிதான், கடல் வந்த நாள். அன்றைக்கு உம்மாவுக்கு யாசீன் ஓத வேண்டும். ஆகவே அதற்கடுத்த சனி, ஜனவரி இரண்டு. பாங்கைச் சொல்லாதே. உங்களுக்கு எத்தனை மணி, எங்களுக்கு எத்தனை மணி, இரண்டையும் எழுது. நுஸ்ஹா வருகிறாளா இல்லையா என்று அவளிடமே கேட்டு எழுது. கெதியாகப் பதில் போடு.

வஸ்ஸலாம்.
உன் ராத்தா சபூறா